வலது கைப் பக்கம் கர்நாடகா: ஓசூரிலிருந்து ஒகேனக்கல் வரை ஓர் எல்லையோரப் பயணம்

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலையிலேயே கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். எல்லோருக்கும் பெங்களூரு பஸ் வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, சில்க் போர்டில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும், மெஜஸ்டிக்கில் ரயில் பிடிக்க வேண்டும் என்று ஆளுக்கொரு அவசரம். அதே பஸ் ஸ்டாண்டின் இன்னொரு பக்கத்தில் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று பலகை மாட்டிய பஸ்கள் நிதானமாக நிற்கும். காய்கறிக் கூடை, மாட்டுத் தீவன மூட்டை, ஸ்கூல் பை எல்லாம் ஏறிய பிறகுதான் கண்டக்டர் விசில் கொடுப்பார்.

இந்த இரண்டு பஸ்களும் இரண்டு விதமான சாலைகளில் போகின்றன. முதல் சாலை மாநில எல்லையைக் கடக்கிறது. இரண்டாவது சாலை எல்லையை ஒட்டியே நூறு கிலோமீட்டருக்கு இறங்கிப் போய், கடைசி வரை அதைக் கடக்காமலே காவிரிக் கரையில் ஒகேனக்கல்லைத் தொடுகிறது. முதல் சாலை எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவது சாலையில் ஒருமுறை போய்ப் பார்த்தால்தான் 'எல்லை' என்றால் என்ன என்பதே புரிகிறது.

கடக்கும் சாலையில் எல்லை எங்கே?

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44, ஓசூரின் நடுவே போகிறது. பழைய ஆட்களுக்கு இது 'என்.ஹெச். 7'. ஓசூரைத் தாண்டினால் தமிழ்நாட்டின் கடைசி ஊர் ஜூஜூவாடி. அடுத்தது கர்நாடகாவின் அத்திப்பள்ளி. கார் கண்ணாடியை இறக்காமல் போனால், எந்த இடத்தில் மாநிலம் மாறியது என்றே பலருக்குத் தெரியாது. கடைப் பலகைகளின் எழுத்து மாறும். பெட்ரோல் பங்க்கில் விலை மாறும். அவ்வளவுதான்.

முன்பெல்லாம் வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அதுவும் போனது. ஓசூரின் வளர்ச்சியே இந்த எல்லையை இரண்டு பக்கமும் பயன்படுத்திக்கொண்டதில்தான் இருக்கிறது. 1970-களில் சிப்காட் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. நிலமும் சலுகையும் தமிழ்நாட்டு அரசு தரும். பெருநகரமும் அதன் ஆட்களும் நாற்பது கிலோமீட்டரில் கிடைக்கும். 1980-ல் அசோக் லேலண்ட், அதே காலத்தில் டி.வி.எஸ். மொபெட், 1984-ல் டாடாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. ஓசூர் ரயில் நிலையம்கூட தமிழ்நாட்டு மண்ணில் இருந்துகொண்டு, தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கிறது.

இந்தச் சாலையில் எல்லை தன் முகத்தைக் காட்டிய நாட்கள் குறைவு. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்னையில் பெங்களூருவில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தபோது, நம் பஸ்கள் ஜூஜூவாடியோடும் அவர்கள் பஸ்கள் அத்திப்பள்ளியோடும் நின்றன. நடுவில் இருந்த தூரத்தைக் குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்தபடி ஜனங்கள் நடந்தே கடந்தார்கள். 2020 ஊரடங்கில் இ-பாஸ் இல்லாதவர்கள் நின்றதும் இதே இடத்தில்தான். அந்தச் சில வாரங்கள் தவிர மற்ற நாட்களில் இங்கே எல்லை வெறும் பலகை.

எல்லை நிரந்தரமாகக் குடியிருப்பது இன்னொரு சாலையில்.

தளி: இருநூறு வயதுக் கோடு

ஓசூரிலிருந்து தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் தளி. இங்கிருந்து கிளம்பி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் வரை போகிறவர்களுக்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. போகும் வழியெல்லாம் கர்நாடகா உங்கள் வலது கைப் பக்கம். சில இடங்களில் கூப்பிடு தூரம், சில இடங்களில் இரண்டு மலை தாண்டி. ஆனால், சாலை அந்தப் பக்கம் திரும்பாது.

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் அளவு உயரம் என்பதால் தளியில் குளிர் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ஆங்கிலேயர்கள் இதைக் 'குட்டி இங்கிலாந்து' என்றார்கள். இப்போது சாலையோரம் எங்கும் பசுமைக் குடில்கள். உள்ளே ரோஜாவும் ஜெர்பராவும் வளர்கின்றன. பிப்ரவரி 14-க்கு வெளிநாடு போகும் ரோஜாக்கள் இந்த வட்டாரத்தில் பறிக்கப்பட்டு, பெங்களூரு விமான நிலையத்தில் ஏற்றப்படுகின்றன. வெளியே வயல்களில் முட்டைகோஸ், பீன்ஸ், கொத்தமல்லி, ராகி.

தளியில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் உள்ளே இருந்த மனைவியிடம் தெலுங்கில் பால் கேட்டார். பைக்கில் வந்தவரிடம் கன்னடத்தில் பாக்கி கேட்டார். என்னிடம் தமிழில், "சார், சக்கரை கம்மியா?" என்றார்.

"வீட்டுல எந்த பாஷைங்க பேசுவீங்க?" என்று கேட்டேன்.

"கோபம் வந்தா தெலுங்கு. கடைக்குத் தமிழ். பொண்ண ஆனேக்கல்ல குடுத்திருக்கு, மாப்பிள்ளை வந்தா கன்னடம்" என்று சிரித்தார்.

அவர் மகள் வாழப்போன ஆனேக்கல், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முதல் பெரிய ஊர். இவ்வளவு பக்கத்து ஊர்கள் ஏன் இரண்டு மாநிலங்களில் இருக்கின்றன? 1956-ல் மொழிவாரியாகப் பிரித்ததால்தான் என்று பலரும் நினைப்பார்கள். இந்த இடத்துக் கோடு அதைவிடப் பழையது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலை, அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதியை, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் அடங்கிய 'பாலாகாட்' என்ற மேட்டு நிலம் அவரிடமே இருந்தது. 1799-ல் திப்பு வீழ்ந்ததும் அதுவும் கம்பெனியிடம் போய் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆனேக்கல் மைசூர் மகாராஜாவின் பக்கம் நின்றது. போரில் ஜெயித்தவர்கள் பங்கு பிரித்தபோது விழுந்த கோடு இது. யார் எந்த மொழி பேசுகிறார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. 1956-லும் இந்தக் கோடு இடம் மாறவில்லை.

இலவச டிக்கெட்டும் தமிழ்ப் பாடமும்

அந்தப் பழைய கோடு இன்றைக்கு ஒரு குடும்பத்தின் வாழ்க்கையில் எப்படி நுழைகிறது என்பதற்கு பஸ் டிக்கெட் ஒன்று போதும்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம். கர்நாடகாவில் 2023 ஜூன் 11 முதல் 'சக்தி' திட்டத்தில் பெண்களுக்கு இலவசம். ஆனால், சக்தி திட்டம் கர்நாடகா முகவரி உள்ள பெண்களுக்கும், மாநிலத்துக்குள் ஓடும் பஸ்களுக்கும் மட்டும்தான். மாநிலம் தாண்டும் பஸ்ஸில் இரண்டு பக்கத்துச் சலுகையும் செல்லாது. தளியிலிருந்து மகளைப் பார்க்கப் போகும் அம்மா, எல்லைக்கு இந்தப் பக்கம் டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போகலாம். அந்தப் பக்கம் ஏறினால் டிக்கெட் வாங்க வேண்டும். அம்மா வீட்டுக்கு வரும் மகளுக்கு அந்தப் பக்கம் இலவசம். இந்தப் பக்கம் யாரும் முகவரி அட்டை கேட்பதில்லை என்பதால் இங்கேயும் இலவசம். ஒரே வழியில் அம்மாவுக்கு ஒரு கணக்கு, மகளுக்கு ஒரு கணக்கு!

பள்ளிக்கூட விஷயம் இவ்வளவு லேசானதல்ல. தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர் வட்டாரத்தில் தெலுங்கு, கன்னட வழியில் படிக்கும் குழந்தைகள் உண்டு. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. 2015-16-ல் அது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எட்டியபோது, மொழிச் சிறுபான்மை மாணவர்கள் நீதிமன்றத்துக்குப் போய் விலக்கு பெற வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் வாழ்கிற பிள்ளைக்குத் தமிழ் தெரிந்தால்தான் நாளை அரசு வேலையும் கல்லூரியும் எளிது என்பதில் நியாயம் உண்டு. பாட்டி பேசும் மொழியில் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று கேட்கும் பெற்றோரிடமும் நியாயம் உண்டு. இந்த இரண்டு நியாயத்துக்கும் நடுவில், ஒரு பரீட்சை அட்டையோடு பதினைந்து வயதுப் பிள்ளை நின்றது.

வலசை வரும் விருந்தாளிகள்

அக்டோபர், நவம்பரில் இந்தச் சாலையின் வலது கைப் பக்கமிருந்து இன்னொரு கூட்டம் வரும். பெங்களூருவுக்குத் தெற்கே இருக்கும் பன்னேர்கட்டா தேசியப் பூங்காவிலிருந்து கிளம்பும் யானைகள் ஜவளகிரி, தளி காடுகள் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகின்றன. சில கூட்டங்கள் ஓசூரை ஒட்டிய சானமாவு காடு வரைக்கும் போகும். அது ராகி கதிர் முற்றும் நேரம். வயல் நடுவே மரத்தில் பரண் கட்டி, பட்டாசும் டார்ச்சும் வைத்துக்கொண்டு விவசாயிகள் இரவெல்லாம் விழித்திருப்பார்கள். ஒரே இரவில் ஒரு வருஷ உழைப்பு யானை வயிற்றுக்குப் போன கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. பயிரைக் காக்கப் போய் உயிரை விட்டவர்களும் உண்டு. நெடுஞ்சாலையில் லாரி மோதியும் மின்வேலியில் சிக்கியும் யானைகளும் செத்திருக்கின்றன.

தமிழ்நாட்டு வனத்துறை யானைகளை மேற்கே விரட்டும். அந்தப் பக்கத்து வனத்துறையும் தன் ஊர்களைக் காக்க வேண்டுமே! அதனால் கூட்டம் திரும்பவும் கிழக்கே வரும். யானைக்கு இது ஒரே காடு. விரட்டுகிற துறைகள்தான் இரண்டு. 2014-ல் தமிழ்நாட்டு அரசு இந்தக் காடுகளில் சுமார் 504 சதுர கிலோமீட்டரைக் 'காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம்' என்று அறிவித்தது. 2022-ல் 686 சதுர கிலோமீட்டரில் 'காவேரி தெற்கு' சரணாலயமும் சேர்ந்தது. காகிதத்தில் காடு இணைந்துவிட்டது. வயல்காரருக்கும் யானைக்கும் நடுவே உள்ள வழக்கு இன்னும் தீரவில்லை.

அஞ்செட்டிக்குக் கீழே ஓர் அளவுகோல்

தேன்கனிக்கோட்டையில் பேட்டராய சுவாமியைக் கும்பிட்டுவிட்டுத் தெற்கே திரும்பினால், சாலை காட்டுக்குள் இறங்கத் தொடங்கும். குளிர் குறையும். மண் நிறம் மாறும். யூகலிப்டஸ் போய் முள்மரமும் மூங்கிலும் வரும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒகேனக்கல் 250 மீட்டர் அளவில். இடையில் உள்ள அவ்வளவு உயரத்தையும் இந்த வழி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித் தீர்க்கிறது.

வழியில் பெரிய ஊர் என்றால் அஞ்செட்டிதான். சுற்றியுள்ள மலைக் கிராமங்களுக்கெல்லாம் சந்தை, மருந்து, பஸ் எல்லாம் இங்கேதான். மாவட்டத் தலைநகரம் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டும் என்றால் மலையேறி தேன்கனிக்கோட்டைக்கு வந்து, அங்கிருந்து மறுபடி போக வேண்டும். பிரசவ வலி, பாம்புக்கடி என்றால் இந்த வளைவுகள் ஒவ்வொன்றும் நிமிஷக் கணக்கு. வடக்கே நேர்கோட்டில் பெங்களூருவின் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. நேர்கோட்டில் சாலை இல்லை. காடும் மலையும் எல்லையும்தான் இருக்கின்றன.

அஞ்செட்டியைத் தாண்டி நாட்றாம்பாளையம் பக்கம் போனால், வலது கைப் பக்கம் மலைகளுக்குப் பின்னால் காவிரி வந்து சேர்ந்திருக்கும். இனி ஆறுதான் எல்லை. அந்தக் கரையில்தான் பிலிகுண்டுலு இருக்கிறது. தமிழ்நாட்டில் நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும். மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் இங்கே இருக்கிறது. கர்நாடகா விடும் தண்ணீர் எவ்வளவு என்பது இங்கே ஓடும் ஆற்றை அளந்துதான் கணக்கில் ஏறுகிறது.

2007-ல் காவிரி நடுவர் மன்றம் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்றது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. மாத வாரியாகவும் கணக்கு உண்டு. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 டி.எம்.சி. தஞ்சாவூரில் குறுவை நாற்று விடலாமா வேண்டாமா என்று ஒரு விவசாயி யோசிக்கும்போது, அவர் பார்க்கும் எண்ணில் ஒன்று இந்தக் காட்டுக்குள் அளக்கப்படுகிறது. ஆற்றில் இன்னும் மேலே, கர்நாடகாவுக்குள், அந்த மாநிலம் 67 டி.எம்.சி. அளவில் அணை கட்டத் திட்டமிடும் மேகதாது இருக்கிறது. இரண்டு மாநிலங்களின் அரசியலையே ஆட்டும் இந்த இடத்துக்கு அருகில் போகும் சாலையில், நான் போன அன்று எதிரே வந்தவை ஒரு மினி பஸ், நான்கு பைக், ஓர் ஆட்டு மந்தை.

எதிர்க்கரை வேறு மாநிலமான கதை

ஒகேனக்கல் என்பது கன்னடப் பெயர். 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. விழுகிற தண்ணீர் புகையாக எழும்பும் பாறை. இங்கே வருகிறவர்கள் பரிசலில் ஏறி, "அதோ தெரியுதே, அது கர்நாடகா" என்று பரிசல்காரர் காட்டும் எதிர்க்கரையைப் பார்ப்பார்கள்.

அந்தக் கரை எப்போதும் கர்நாடகாவாக இருந்ததில்லை. அப்போது அது கொள்ளேகால் தாலுகா. 1956 அக்டோபர் 31 வரை அது சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டம். நவம்பர் 1-ம் தேதி மைசூர் மாநிலமானது. தளியில் நாம் பார்த்தது 1799-ல் விழுந்த கோடு. அதே சாலையின் இன்னொரு முனையில் 1956-ல் விழுந்த கோடு. ஒரே எல்லைக்கு இரண்டு வயது!

அந்தக் கரையில் இருக்கும் கோபிநத்தத்தில் 1952-ல் வீரப்பன் பிறந்தபோது, அது சென்னை மாநிலத்து கிராமம். பின்னாளில் அவன் இரண்டு மாநில போலீஸையும் ஆண்டுக்கணக்கில் அலையவிட்டதற்கு, ஒரு காட்டின் நடுவே இரண்டு அரசுகளின் அதிகாரம் பிரிந்து நின்றதும் ஒரு காரணம்.

இந்த ஆற்றுத் தண்ணீர்தான் இப்போது கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்குக் குழாயில் போகிறது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கலந்து, பல் கறுத்து எலும்பு வளைந்த மாவட்டங்கள் இவை. 2008-ல் கர்நாடகாவில் கடும் எதிர்ப்பு எழுந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

இந்தச் சாலை யாருக்காக?

நாடுகளுக்கு இடையே எல்லையை ஒட்டிச் சாலை போட்டால், அது ராணுவத்துக்காக. அருணாசலப் பிரதேசத்தில் சீன எல்லையோரமாக 1,700 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிட்டிருக்கும் நெடுஞ்சாலை அப்படிப்பட்டது. கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக ஆந்திர எல்லை மலைகளுக்கு இந்தப் பக்கமாகவே போகும் தேசிய நெடுஞ்சாலை 48-க்கு வேறு காரணம். அது பாலாற்றுப் பள்ளத்தாக்கின் இயல்பான வழி. சென்னை போகும் அவசரத்தில் எல்லையை அது கவனிப்பதே இல்லை.

தளி - அஞ்செட்டி வழிக்கு அப்படி எந்தப் பெரிய காரணமும் இல்லை. ஊர்களைத் தாலுகா அலுவலகத்தோடும், தாலுகாவை மாவட்டத்தோடும் கட்டிவைக்கும் சாலை இது. ஆட்சி போகும் திசையில் சாலை போகிறது. ஆனால் வேலை, கல்யாணம், ஆஸ்பத்திரி, பூ விற்பனை எல்லாம் இழுக்கும் திசை வேறு. சென்னைக் கணக்கில் அஞ்செட்டி மாநிலத்தின் கடைக்கோடி. வரைபடத்தில் மாநிலக் கோட்டை அழித்துவிட்டுப் பார்த்தால், இந்தியாவின் பெரிய நகரம் ஒன்றின் பக்கத்து ஊர். இந்த இரண்டில் எதுவாக நடத்தப்படும் என்பதை அங்கே போகும் சாலைதான் தீர்மானிக்கிறது.

அது இப்போது மாறத் தொடங்கியிருக்கிறது. பெங்களூருவைச் சுற்றி அமையும் 'சாட்டிலைட் டவுன் ரிங் ரோடு' என்ற தேசிய நெடுஞ்சாலை 948ஏ, ஓசூர் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மீண்டும் கர்நாடகாவுக்குள் போகும்படி திட்டமிடப்பட்டிருக்கிறது. முதன்முறையாக ஒரு பெரிய சாலை இந்த எல்லையோர நிலத்தைக் குறுக்கே வெட்டப் போகிறது. பூ விவசாயிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது நல்ல செய்தி. நில விலை ஏறும். ஏறிய விலைக்கு விற்றவர் அதே ஊரில் திரும்ப நிலம் வாங்க முடியாது. பன்னேர்கட்டா வட்டாரத்தில் யானை நடக்கும் நிலத்தை அது எப்படிக் கடக்கும் என்பது இன்னொரு கவலை. சுரங்க வழியோ மேம்பாலமோ, யானைக்கு வழிவிட்டுக் கட்டினால் மட்டுமே ராகி வயல்காரர் இப்போதைவிட நிம்மதியாகத் தூங்குவார்.

அதற்குள் ஒருமுறை இந்த வழியில் போய் வாருங்கள். ஓசூரிலிருந்து காலையிலேயே கிளம்புங்கள். தேன்கனிக்கோட்டையிலேயே எரிபொருள் போட்டுக்கொள்ளுங்கள். தளியில் ஒரு டீ, அஞ்செட்டியில் களியும் அவரைக்காய்க் குழம்பும் கிடைத்தால் விடாதீர்கள். காட்டுப் பகுதியில் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். இருட்டுவதற்குள் காட்டைத் தாண்டிவிடுங்கள். மழைக்காலத்தில் காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை போடுவார்கள். விசாரித்துவிட்டுப் போவது நல்லது. போகும்போது வலது கைப் பக்கத்து ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். திரும்பும்போது இடது.